டானியின் சிலையடியில் எடுத்த படம்

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. 2004 கோடைக்காலம். மேரிலாந்து மாநிலத்தின் தலைநகரான அன்னாபோலிஸ். சட்டமன்றக் கட்டடத்து முன் புல்வெளியில், உயரமான பீடத்தின் மேல் வெண்கலத்தில் ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். நீதிபதி அங்கி மடிப்பு மடிப்பாக வழிந்து கிடக்கிறது. பீடத்தில் சாய்ந்து நிற்பது என் மகள். மூன்று வயது. கையில் ஐஸ் குச்சி, மோவாய் முழுக்க ஆரஞ்சு நிறம், ஒரு காலில் செருப்பைக் காணோம்.

படம் எடுத்தபோது அந்த முதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. பீடத்தில் 'டேனி' என்று படித்தேன். பெரிய நீதிபதியாக இருக்க வேண்டும், பேத்தி அவர் காலடியில் நிற்பதைப் பார்த்தால் அம்மா சந்தோஷப்படுவாள் என்று ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பிவைத்தேன். அம்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடம் எல்லாம், "பக்கத்துல இருக்கிறவர் அந்த ஊர் ஜட்ஜ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

2017 ஆகஸ்ட் 18. நள்ளிரவு கடந்ததும் கிரேனைக் கொண்டுவந்து அந்தச் சிலையைக் கட்டித் தூக்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். காலையில் மகள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினாறு.

"அப்பா, நம்ம ஆல்பத்துல இருக்கிற தாத்தாவைத் தூக்கிட்டாங்க. உங்களுக்கு அவர் யாருன்னு தெரியுமா?"

அதற்குள் தெரிந்திருந்தது, அரைகுறையாக. ரோஜர் டானி, அமெரிக்காவின் ஐந்தாவது தலைமை நீதிபதி. எழுத்தில் 'டேனி' போலத் தெரிந்தாலும் 'டானி' என்றுதான் உச்சரிக்க வேண்டும். டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் தீர்ப்பெழுதியவர். அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு வரியை அவள் வாய்விட்டுப் படித்தாள். ஆப்பிரிக்க இனத்தவர் வெகுவாகத் தாழ்ந்தவர்கள், வெள்ளையன் மதித்தாக வேண்டிய உரிமை எதுவும் அவர்களுக்கு இல்லை.

அடுப்பில் தோசை கருகியது. அன்றிலிருந்துதான் இந்தத் தலைமை நீதிபதிகளைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1789 தொடங்கி இன்றுவரை மொத்தமே பதினேழு பேர். அதிபர்கள் வந்தார்கள், போனார்கள். இவர்கள் இருபது வருஷம், முப்பது வருஷம் என்று உட்கார்ந்தார்கள். ஒன்பது நீதிபதிகளில் ஒருவர், ஓட்டும் ஒன்றுதான். ஆனாலும் பெரும்பான்மைப் பக்கம் நின்றால் தீர்ப்பை யார் எழுதுவது என்று தீர்மானிப்பவர் அவர்தான். ஆலோசனை அறையில் முதலில் பேசுவதும் அவர்தான். இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு டானி ஒரு சாட்சி. எர்ல் வாரன் இன்னொரு சாட்சி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இருவரைப் பற்றியது.

ஆனால் ஜான் மார்ஷலைத் தொடாமல் டானிக்குப் போக முடியாது. 1801 முதல் 1835 வரை, முப்பத்துநான்கு வருஷம், வேறு யாரும் அந்த நாற்காலியில் அவ்வளவு காலம் இருந்ததில்லை. அவர் வருவதற்கு முன் அந்தப் பதவிக்கு மரியாதையே கிடையாது. முதல் தலைமை நீதிபதி ஜான் ஜே, நியூயார்க் ஆளுநராகப் போகலாம் என்று விட்டுவிட்டுப் போனவர். மறுபடி கூப்பிட்டபோது, அந்த நீதிமன்றத்துக்கு வலுவும் இல்லை, கௌரவமும் இல்லை என்று கடிதம் எழுதி மறுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அதிபர் ஜான் ஆடம்ஸ் தன் வெளியுறவுச் செயலரான மார்ஷலை நியமித்தார்.

1803-ல் மார்பரி வழக்கு. வில்லியம் மார்பரி என்பவருக்கு அமைதி நீதிபதிப் பதவி. நியமன ஆணையில் அதிபர் கையெழுத்துப் போட்டாயிற்று, முத்திரையும் குத்தியாயிற்று, உரியவர் கைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது வெளியுறவுச் செயலர் அலுவலகத்திலிருந்து, அதாவது மார்ஷலிடமிருந்தே. தன் மேசையில் தங்கிப்போன காகிதத்தைப் பற்றிய வழக்கைத் தானே விசாரித்து, மார்பரிக்கு உரிமை உண்டு, ஆனால் அதைத் தரும் அதிகாரத்தை எங்களுக்குக் கொடுத்த சட்டப்பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தார். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது அதுவே முதல் தடவை. உலகத்தில் எத்தனையோ நீதிமன்றங்கள் இன்று கையில் வைத்திருக்கும் ஆயுதம் அந்தப் பிப்ரவரி மாதத்தில் வடிக்கப்பட்டது.

மார்ஷல் அதை அப்படியே உறையில் போட்டு வைத்துவிட்டார். அதன்பின் அவர் இருந்தவரை நாடாளுமன்றச் சட்டம் எதையும் ரத்து செய்யவில்லை. உறையிலிருந்து அதை இரண்டாம் முறை உருவியவர் டானி. ஐம்பத்துநான்கு வருஷம் கழித்து, 1857-ல்.

டானியின் இளமையைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கொடியவர் ஒருவரை எதிர்பார்த்துப் போனேன், அப்படி யாரும் அங்கே இல்லை. 1777-ல் மேரிலாந்தின் புகையிலைப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். சொத்தாக வந்த அடிமைகளைத் தன் கையாலேயே விடுதலை செய்தவர். வயதாகி உழைக்க முடியாமல் போனவர்களுக்கு மாதாமாதம் பணமும் கொடுத்தவர். 1819-ல் ஜேக்கப் க்ரூபர் என்ற மெதடிஸ்ட் பாதிரியார், அடிமைமுறைக்கு எதிராகப் பிரசங்கம் செய்ததற்காகக் கூண்டில் நிறுத்தப்பட்டார். அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டினார் என்று வழக்கு. அவருக்காக வாதாட எழுந்தவர் டானி. அடிமைமுறை நம் தேசத்தின் பெயரில் விழுந்த கறை என்று அடிமை முதலாளிகள் நிறைந்த ஊரில், திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். பாதிரியார் விடுதலையானார்.

அதே வாய்தான் முப்பத்தெட்டு வருஷம் கழித்து அந்த இன்னொரு வரியையும் சொன்னது.

நடுவில் என்ன நடந்தது என்று புரட்டிப் பார்த்தேன். ஒரே நாளில் எதுவும் நடந்துவிடவில்லை. ஆண்ட்ரூ ஜாக்சனின் அரசு வழக்குரைஞராக இருந்தபோது, 1832-லேயே, கறுப்பர்கள் தனியான, தாழ்ந்த இனம், அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அவர்களை மனதில் வைத்து எழுதவில்லை என்று ஒரு சட்டக் கருத்தை எழுதியிருக்கிறார். அதாவது கறையைக் கறை என்று சொன்ன பதின்மூன்று வருஷத்துக்குள் மனம் திரும்பிவிட்டது. தெற்கு மாநிலங்களை வடக்கு நசுக்குகிறது என்ற கோபம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தன் வீட்டில் அடிமைகளை விடுதலை செய்தவர்தான். ஆனால் அடிமைமுறையில் கைவைக்க வெளியாளுக்கு உரிமையில்லை என்ற இடத்தில் போய் இறுகிவிட்டார்.

டிரெட் ஸ்காட்டின் கதை தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜான் எமர்சன் என்ற ராணுவ மருத்துவரிடம் அடிமையாக இருந்தவர் டிரெட் ஸ்காட். மாற்றலாகிப் போகும் இடமெல்லாம் அவரையும் அழைத்துப் போனார் எமர்சன். அதில் இல்லினாய், அடிமைமுறை தடைசெய்யப்பட்ட மாநிலம். ஸ்னெல்லிங் கோட்டையும் அடிமைமுறை கூடாது என்று 1820-ல் நாடாளுமன்றம் விலக்கிய பகுதியில் இருந்தது. ஸ்காட் அந்தக் கோட்டையில்தான் ஹாரியட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள். எமர்சன் இறந்தபின், 1846 ஏப்ரலில், மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகர நீதிமன்றத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியாக மனு போட்டார்கள். சுதந்திர மண்ணில் வாழ்ந்திருக்கிறோம், ஆகவே நாங்கள் சுதந்திரமானவர்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. ஒருமுறை சுதந்திரம் வந்தால் என்றும் சுதந்திரமே என்று மிசூரி நீதிமன்றங்களே அதற்கு முன் பலரை விடுவித்திருந்தன. 1850-ல் ஜூரி ஸ்காட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இரண்டே வருஷத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. காலம் முன்போல் இல்லை என்று தீர்ப்பிலேயே காரணம் எழுதினார்கள். அடிமைமுறையை எதிர்க்கும் மனநிலை வடக்கில் வளர்ந்துவிட்டதாம், அதனால் பழைய நீதியைத் தொடர முடியாதாம். ஒரு மனிதனுடைய உரிமைக்கு ஊரின் கோபம் விலை ஆனது. வழக்கு வாஷிங்டனுக்குப் போனது.

நாடாளுமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்தப் பழைய நீதிமன்ற அறை இன்றும் இருக்கிறது. பெஞ்சமின் லட்ரோப் வடிவமைத்தது. அரைவட்டக் கூடம், குடை விரித்தாற்போல் கவிந்த கூரை. நானும் மகளும் 2018-ல் போனோம். ஜே, ரட்லெட்ஜ், எல்ஸ்வொர்த், மார்ஷல் என்று முதல் நான்கு தலைமை நீதிபதிகளின் மார்பளவுச் சிலைகள் உள்ளே இருந்தன. ஐந்தாமவர் நுழையும் இடத்திலேயே இருந்தார். பளிங்கில், உதடு இறுக மூடி. மகள் அவர் முன்னால் கொஞ்சநேரம் நின்றாள், படம் எடுத்துக்கொள்ளவில்லை.

1857 மார்ச் 6. டானிக்கு எண்பது நிறைய இன்னும் பதினொரு நாள். மனைவியும் இளைய மகளும் இரண்டு வருஷத்துக்கு முன், மஞ்சள் காய்ச்சல் பரவிய கோடையில், ஒரே இரவில் சில மணி நேர இடைவெளியில் இறந்துபோயிருந்தார்கள். கூன் விழுந்த, மெலிந்த உடம்பு. தாழ்ந்த குரலில் சுமார் இரண்டு மணி நேரம் வாசித்தார். கறுப்பினத்தவர், அடிமையோ சுதந்திரரோ, அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது. குடிமகன் இல்லாததால் டிரெட் ஸ்காட்டுக்கு வழக்குப் போடவே உரிமை இல்லை. அத்துடன் நிறுத்தியிருந்தாலே போதும், வழக்கு முடிந்திருக்கும். நிறுத்தவில்லை. புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடைசெய்ய நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது, 1820-ன் சட்டம் செல்லாது என்றார். மார்ஷலின் ஆயுதம் வெளியே வந்தது இங்கேதான்.

அந்தக் கொடிய வரியைத் தன் சொந்தக் கருத்தாக அவர் எழுதவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நாட்டை நிறுவியவர்கள் காலத்தில் நாகரிக உலகம் அப்படித்தான் நினைத்தது என்று எழுதினார். அப்போது என்ன பொருளோ அதுவே இன்றும் பொருள், காலம் மாறியதால் மாற்ற முடியாது என்று பூட்டுப் போட்டார். சரித்திரத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கை கழுவுவது எவ்வளவு சுலபம்! அந்தச் சரித்திரமே தப்பு என்று உடன் அமர்ந்திருந்த பெஞ்சமின் கர்டிஸ் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். அரசியல் சட்டம் ஏற்கப்பட்டபோது ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை இருந்தது, அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மக்களில் அவர்களும் இருந்தார்கள், பிறகு எப்படி அவர்கள் குடிமக்கள் இல்லை என்று கேட்டார். டானியிடம் இதற்குப் பதில் இல்லை. வாசித்து முடித்த தீர்ப்பில் பிறகு உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சேர்த்தார். திருத்திய பிரதியைக் கர்டிஸ் கேட்டபோது கொடுக்க மறுத்தார். கர்டிஸ் அந்த வருஷமே ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். நீதிபதி ஒருவர் கொள்கையை முன்னிட்டு அந்த நாற்காலியை விட்டு இறங்குவது அபூர்வம்.

டிரெட் ஸ்காட்டுக்கு என்ன ஆயிற்று? எமர்சனின் மனைவி மறுமணம் செய்திருந்த மனிதர், அடிமைமுறைக்கு எதிராகப் பேசும் மாசசூசெட்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர்! தீர்ப்புக்குப் பிறகு ஊரே அவரைக் கேள்வி கேட்டது. ஸ்காட் குடும்பம் டெய்லர் ப்ளோ என்பவர் பெயருக்கு மாற்றப்பட்டது. டிரெட் ஸ்காட்டை முதலில் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவர். 1857 மே 26 அன்று நால்வரையும் விடுதலை செய்தார். செயின்ட் லூயிஸில் ஒரு ஹோட்டலில் சுமை தூக்கும் வேலை பார்த்தார் டிரெட் ஸ்காட். அடுத்த வருஷம் செப்டம்பரில் காசநோயில் போய்விட்டார். சுதந்திரமாக வாழ்ந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு டானி ஏழு வருஷம் இருந்தார். 1861-ல் லிங்கனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவரும் அவரே. அதே வருஷம், விசாரணை இல்லாமல் ஆட்களைச் சிறையில் வைக்கும் அதிகாரத்தை அதிபர் தன்னிச்சையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று லிங்கனுக்கு எதிராகத் தீர்ப்பும் எழுதினார். அந்தத் தீர்ப்பில் நியாயம் இருந்தது என்று இன்றும் பல சட்ட அறிஞர்கள் சொல்வார்கள். யார் காதிலும் விழவில்லை. 1857-க்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரும் நியாயத்துக்கும் மதிப்பில்லாமல் போயிருந்தது. 1864 அக்டோபர் 12-ல் இறந்தார். அன்றும் மறுநாளும்தான் அவருடைய மேரிலாந்து மக்கள், அடிமைமுறையை ஒழிக்கும் புதிய மாநில அரசியல் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து அந்த நாற்காலிக்கு லிங்கன் கொண்டுவந்தது, தப்பி வந்த அடிமைகளுக்காக ஓஹையோவில் வாதாடிப் பெயர் வாங்கிய சால்மன் சேஸை. சேஸின் காலத்தில் நடந்த ஒரு காட்சி எனக்குப் பிடித்தது. 1865 பிப்ரவரி 1. அடிமைமுறையை ஒழிக்கும் 13-வது திருத்தம் கீழவையில் நிறைவேறிய மறுநாள். ஜான் ராக் என்ற கறுப்பின வழக்குரைஞரை அந்த நீதிமன்றத்தில் வாதாட அனுமதிக்கும்படி செனட்டர் சார்லஸ் சம்னர் எழுந்து கேட்டார். சேஸ் தலையசைத்தார். சில நொடிகள்தான். எட்டு வருஷத்துக்கு முன் வழக்குப் போடவே உரிமை இல்லை என்று எந்த அமர்விலிருந்து சொன்னார்களோ, அந்த அமர்வின் முன் ஒரு கறுப்பர் வழக்குரைஞராகவே நின்றார்.

1868-ல் 14-வது திருத்தம் வந்தது. அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லாரும் குடிமக்கள். டானியின் தீர்ப்பை அடித்துப் போடுவதற்கென்றே எழுதிய வரி அது. அதனால்தான் அந்தப் புகைப்படத்தை என்னால் சும்மா பார்க்க முடிவதில்லை. 2001-ல் பால்டிமோரில் மகள் பிறந்தபோது நானும் மனைவியும் வேலை விசாவில் இருந்தோம். பிறந்த கையோடு அவள் குடிமகள் ஆனது அந்த வரியால். அந்த வரி வந்தது, ஐஸ் குச்சியோடு அவள் சாய்ந்து நின்ற பீடத்துக்காரரின் தீர்ப்பை ஒரு நாடே போர் செய்து மாற்றியதால்.

மாற்றியபிறகும் அந்த வரி எங்களைப் போன்றவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது, குடிமகன் இல்லை என்று துறைமுகத்தில் தடுத்துவிட்டார்கள். 1898-ல் உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் ஜெயித்தார். எதிராக ஓட்டுப் போட்ட இருவரில் ஒருவர் அப்போதைய தலைமை நீதிபதி மெல்வில் ஃபுல்லர். இன்னொருவர் யார் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு முன், ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி வைத்தது சரி என்று ஃபுல்லர் நீதிமன்றம் சொன்ன பிளெஸ்ஸி வழக்கில், ஒற்றை ஆளாக எதிர்த்து நின்ற ஜான் மார்ஷல் ஹார்லன். ஒரு கண்ணால் அவ்வளவு தூரம் பார்த்தவருக்கு மற்றக் கண் தெரியவில்லை. எனக்கு ஹார்லன்மேல் மரியாதை உண்டு, அதனாலேயே இது அதிகமாக வலித்தது.

பிறகு டாஃப்ட். அதிபராகவும் தலைமை நீதிபதியாகவும் இருந்த ஒரே மனிதர். எந்த வழக்கை எடுப்பது என்று நீதிமன்றமே தீர்மானிக்கும் முறையை 1925-ல் கொண்டுவர வைத்ததும், நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் வாங்கித் தந்ததும் அவர்தான். கட்டி முடிவதைப் பார்க்காமலே 1930-ல் இறந்தார். ஆனால் இந்தியர்களுக்கு டாஃப்ட் நீதிமன்றம் என்றால் பகத் சிங் திந்த் வழக்கு. பஞ்சாபிலிருந்து வந்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர் திந்த். வெள்ளையர் என்றால் சாமானிய மனிதன் என்ன புரிந்துகொள்வானோ அதுதான் பொருள், இந்தியர்கள் அதில் வரமாட்டார்கள் என்று 1923 பிப்ரவரி 19-ல் ஒருமனதாகத் தீர்ப்பு. ஏற்கெனவே குடியுரிமை பெற்ற பல இந்தியர்களிடமிருந்து அது பிடுங்கப்பட்டது. அதில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பகாய் 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். இந்தியர்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 1946-ல்தான். 2012-ல் நான் வலதுகையை உயர்த்திக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த மண்டபத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதே பிப்ரவரி 19, 1942-ல் இன்னொரு காரியத்துக்காகவும் இந்த நாட்டின் சரித்திரத்தில் பதிந்தது. மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினரை அப்புறப்படுத்த வழிசெய்த ஆணையில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட நாள் அது. சுமார் 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். கலிஃபோர்னியாவில் அதற்காக முன்னால் நின்று பேசியவர் மாநில அரசு வழக்குரைஞர் எர்ல் வாரன். ஜப்பானியர் நிலம் எங்கெங்கே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் எந்த ராணுவ நிலை இருக்கிறது என்று வரைபடம் தயாரித்தார். இரண்டு நாள் கழித்து நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். இதுவரை ஒரு நாசவேலையும் நடக்கவில்லையே, அதுதான் மிகவும் அபாயமான அறிகுறி என்றார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். இந்த மனிதரா!

ஏனென்றால் வாரன் என்ற பெயரைக் கறுப்பின நண்பர்கள் வீட்டில் வேறு மாதிரிக் கேட்டிருக்கிறேன். ரயில்வே தொழிலாளியின் மகன். மூன்று முறை கலிஃபோர்னியா ஆளுநர். நீதிபதியாக ஒரு நாள் இருந்ததில்லை. 1953 செப்டம்பரில் தலைமை நீதிபதி ஃப்ரெட் வின்சன் மாரடைப்பில் இறக்க, ஐசன்ஹோவர் அந்த இடத்துக்கு வாரனைக் கொண்டுவந்தார். பள்ளிகளில் கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி என்பது செல்லுமா என்ற பிரவுன் வழக்கு அப்போது இரண்டாம் சுற்று வாதத்துக்குக் காத்திருந்தது. வின்சன் இருந்தவரை அமர்வு பிளந்து கிடந்தது.

வாரன் செய்ததை ஒரு குடும்பப் பெரியவர் செய்யும் காரியமாகத்தான் என்னால் சொல்ல முடியும். டிசம்பரில் ஆலோசனை அறையில், ஓட்டு வேண்டாம், பேசுவோம் என்றார். ஓட்டுப் போட்டால் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஒட்டிக்கொள்வார்கள் என்று அந்த அரசியல்வாதிக்குத் தெரியும். ஆனால் தன் எண்ணத்தை மறைக்கவில்லை. கறுப்பினம் பிறவியிலேயே தாழ்ந்தது என்று நம்பினால் ஒழியப் பிரித்துவைப்பதற்குக் காரணமே இல்லை என்றார். இதற்கு எதிராகப் பேசுகிறவர் இனி அந்த நம்பிக்கையை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். மாதக்கணக்கில் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசினார். நீதிபதி ராபர்ட் ஜாக்சன் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் கிடந்தார். தீர்ப்பின் நகலைத் தானே எடுத்துக்கொண்டு வாரன் அவர் கட்டிலருகே போனார். கடைசிவரை ஒத்துக்கொள்ளாமல் இருந்தவர் கென்டக்கிக்காரர் ஸ்டான்லி ரீட். ஒற்றை ஆளாக நிற்கப் போகிறீர்களா, அது நாட்டுக்கு நல்லதா என்று முடிவை அவரிடமே விட்டார். ரீட் வந்து சேர்ந்தார்.

1954 மே 17, பகல் 12.52. ஜாக்சன் மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். வாரன் வாசித்தார். சின்னத் தீர்ப்பு. செய்தித்தாளில் போட்டால் சாதாரண மனிதன் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சின்னதாகவே எழுதினார். முக்கியமான இடம் வந்ததும், எழுத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தார். "ஒருமனதாக." கூடத்தில் ஓர் அலை எழுந்து அடங்கியதை உணர்ந்ததாக அவரே பின்னாளில் எழுதினார்.

அந்தத் தீர்ப்பில் ஒரு வாக்கியம் குழந்தைகளைப் பற்றியது. நிறத்துக்காக மட்டும் பிரித்துவைத்தால், தாங்கள் தாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் அந்தப் பிஞ்சு மனங்களில் விழும், அது ஒருவேளை எந்தக் காலத்திலும் ஆறாது. இதை எழுதும்போது வாரன் கண்ணுக்குள் முள்வேலிக்குப் பின்னால் நின்ற குழந்தைகள் வந்தார்களா? அதற்கு ஆவணம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வாக்கியம் அப்படித்தான் கேட்கிறது. உயிரோடு இருந்தவரை அந்த முகாம்களுக்காக அவர் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்கவில்லை, ஜப்பானிய அமெரிக்கர்கள் கேட்டும்கூட. இது பெரிய குறை, பூசி மெழுக நான் தயாரில்லை. 1974-ல் இறந்து மூன்று வருஷம் கழித்து வெளியான நினைவுக்குறிப்பில்தான் அது வந்தது. வீட்டிலிருந்தும் பள்ளித் தோழர்களிடமிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட அந்த அறியாக் குழந்தைகளை நினைக்கும்போதெல்லாம் மனசாட்சி உறுத்தியது என்று எழுதிவைத்திருந்தார்.

ஒரே மனிதரிடம் இது இன்னொரு தடவையும் நடந்தது. ஆளுநராக இருந்தபோது, மக்கள்தொகை எப்படி இருந்தாலும் மாவட்டத்துக்கு இவ்வளவு செனட்டர் என்ற முறையை ஆதரித்தவர் வாரன். 1960 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் 60 லட்சம் பேருக்கு ஒரு மாநில செனட்டர், மலைப்பகுதியில் சில ஆயிரம் பேருக்கும் ஒரு செனட்டர். 1964-ல் ரெனால்ட்ஸ் வழக்கில் அதே முறைக்கு எதிராகத் தானே தீர்ப்பு எழுதினார். சட்டமன்ற உறுப்பினர்கள் மனிதர்களின் பிரதிநிதிகள், மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் அல்ல. டானிக்கும் வாரனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. டானி இளமையில் கண்ட உண்மையை வயது ஏற ஏறத் தானே மண்ணைப் போட்டு மூடினார். வாரன் தன் பழைய வாக்குமூலங்களுக்கு எதிராகத் தானே தீர்ப்பெழுதினார், எழுத நாள் ஆனாலும்.

பிரவுன் தீர்ப்பு அன்றைக்கே பள்ளிக் கதவுகளைத் திறந்துவிட்டது என்று யாரும் நினைக்கக் கூடாது. அடுத்த வருஷம், உரிய நிதானத்தோடு கூடிய வேகத்தில் நிறைவேற்றுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. தெற்கு மாநிலங்கள் வேகத்தை விட்டுவிட்டு நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், சேர்த்துப் படிக்கவைப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளைப் பூட்டிப்போட்டது. ஐந்து வருஷம்! ஆறு வயதில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு அப்போது பதினொன்று. அந்த அவகாசத்தை எழுதிக் கொடுத்ததும் வாரன் நீதிமன்றம்தான்.

முகாம்களைச் சரி என்று சொன்ன 1944-ன் கொரெமட்சு தீர்ப்பு, சொல்லப்பட்ட நாளிலேயே பெருந்தவறு என்று இன்றைய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2018-ல் எழுதினார். அதே தீர்ப்பில்தான் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள பல நாடுகளுக்கான பயணத் தடையையும் ஏற்றுக்கொண்டார். அந்த ஜூன் மாதம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பெரிய விவாதம் நடந்தது. மகள் எழுந்து போய்விட்டாள்.

டானியின் பளிங்குச் சிலையை அந்தப் பழைய நீதிமன்றத்திலிருந்து அகற்ற ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் போட்டார்கள், அடுத்த பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்குத் தர்குட் மார்ஷலின் சிலை வர வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. பால்டிமோரில் பிறந்தவர், நிறத்துக்காக மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. பிரவுன் வழக்கில் வாதாடியவர், பின்பு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

அன்னாபோலிஸில் அந்தச் சிலையை எடுத்தது சரிதானா என்று கேட்டால், 2017-ல் சரி என்று உடனே சொல்லியிருப்பேன். பிறகுதான் இது தெரிந்தது. எடுப்பதற்கு ஐந்து மாதம் முன், மார்ச் 6 அன்று, தீர்ப்பின் 160-வது ஆண்டு நாளில், டானியின் வம்சத்தில் வந்த ஒருவர் அந்தச் சிலைக்கு முன்னால் நின்று டிரெட் ஸ்காட்டின் வம்சத்தவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். சிலையை எடுக்க வேண்டாம், டிரெட் ஸ்காட்டுக்கும் ஒரு சிலை இங்கே வையுங்கள், இருவரையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்பது அந்தக் குடும்பங்களின் விருப்பமாக இருந்தது. காயம் பட்டவர்களின் வீட்டிலிருந்து வந்த யோசனை அது. இப்போதெல்லாம் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை.

போன வருஷம் அம்மா காலமானாள். கூடத்துச் சுவரில் இருந்த அந்தப் படத்தைச் சட்டத்தோடு எடுத்து வந்தேன். மகள் இப்போது பெரியவள், வேலைக்குப் போகிறாள். படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தின் பழைய ஆவணம். பழுப்பேறிய காகிதம், சாய்ந்த கையெழுத்து. 1846-ல் தொடுத்த முதல் மனு.

"அப்பா, கீழே பாருங்க."

டிரெட் ஸ்காட்டுக்கு எழுதத் தெரியாது. குமாஸ்தா அவர் பெயரை எழுதி நடுவில் இடம் விட்டிருக்கிறார். அந்த இடத்தில் இரண்டு கோடுகள், ஒன்றையொன்று வெட்டியபடி. நம் ஊர்ப் பழைய கிரயப் பத்திரங்களில் 'கீறல்' என்று எழுதி அடையாளம் போட வைப்பார்களே, அதுதான். ஹாரியட்டின் மனுவிலும் அப்படி ஒன்று. பதினொரு வருஷம் கழித்து, வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அச்சில் இருநூற்று நாற்பது பக்கம். மகள் திரையைப் பெரிதாக்கினாள். பேனாவை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், ஒரு கோட்டின் முனையில் மை பரவியிருந்தது.